தொட்டுப் பார்த்து அளவு சொல்லும் இரும்பு விரல்!

தொழிற்சாலையில் என்ஜின் பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மேலே இருந்து ஓர் இரும்புத் தண்டு "புஸ்" என்று இறங்குகிறது. பாகத்தின் துளைக்குள் புகுந்து தொடுகிறது. பக்கத்தில் உள்ள மீட்டரில் "25.03" என்று எண் தெரிகிறது. பச்சை விளக்கு எரிகிறது. பாகம் மேலே போகிறது.

அடுத்த பாகம் வருகிறது. தண்டு தொடுகிறது. "23.96!" சிவப்பு விளக்கு எரிகிறது. அந்தப் பாகம் தனித்தட்டில் தள்ளப்படுகிறது.

ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதற்கு இவ்வளவு கண்டிப்பா?

அடைபட்ட துளை

அந்தப் பாகத்தின் துளைக்குள் "புஷ்" என்னும் உலோக வளையம் அழுத்திச் செருகப்பட்டிருக்கிறது. வளையத்தில் எண்ணெய் போக ஒரு சிறு துளை உண்டு. பாகத்திலும் ஒரு துளை உண்டு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். வளையம் 1 மி.மீ. குறைவாக இறங்கினால், எண்ணெய் வழியில் ஒரு பகுதி அடைபட்டுப்போகும். எண்ணெய் சரியாகப் போகாவிட்டால் என்ஜின் சூடேறும். உலோகம் உரசித் தேயும். நடுவழியில் வண்டி நிற்கும்!

முன்பெல்லாம் பல பாகங்களுக்கு ஒன்றை எடுத்து, மேஜையில் வைத்து அளப்பார்கள். அது சரியாக இருந்தால் மற்றவையும் சரி என்று விட்டுவிடுவார்கள். இடையில் ஒன்று தவறியிருந்தால் யாருக்குத் தெரியும்? இந்த இரும்பு விரலோ ஒன்றையும் விடுவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

இது காற்றின் அழுத்தத்தால் இயங்கும் சிலிண்டர். சைக்கிள் பம்பைப் போல உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதோடு தண்டு சேர்ந்திருக்கிறது. காற்று தள்ளினால் தண்டு நீளும்.

சாதாரணச் சிலிண்டருக்குத் தள்ள மட்டுமே தெரியும். இதற்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரியும்! சிலிண்டருக்குள் மின்சாரம் பாயும் நீண்ட பட்டை ஒன்று உண்டு. தண்டு நகரும்போது ஒரு சிறு முனை அதன் மேல் நகரும். பழைய ரேடியோவில் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் நடப்பதும் இதுதான்.

தண்டு 100 மி.மீ. நீளக்கூடியது; பட்டையில் 10 வோல்ட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், தண்டு 1 மி.மீ. நகரும்போது 0.1 வோல்ட் மாறும். பாகத்தின் மேற்பரப்பைத் தொடும்போது "0" காட்டும்படி மீட்டரை வைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து 25 மி.மீ. இறங்கினால் 2.5 வோல்ட் கூடும். மீட்டர் அதை "25.00" என்று எண்ணாகவே காட்டும். 24.80 முதல் 25.20 வரை சரி என்று எல்லையும் வைத்துவிடலாம்.

தையல் மிஷின் செய்த வேலை

கருவியே தவறாகச் சொன்னால்? அதனால்தான் அளவு தெரிந்த ஒரு மாதிரிப் பாகத்தை அவ்வப்போது வைத்துப் பார்க்கிறார்கள்.

மாதிரி அளவு என்றால் ஸ்வீடன் நாட்டின் ஜோஹான்சன் நினைவுக்கு வருவார். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருக்கு, 1896-ம் ஆண்டு ஒரு யோசனை தோன்றியது. பல அளவுகளில் எஃகுக் கட்டைகள் செய்து, வேண்டியபடி அடுக்கினால் எந்த அளவும் கிடைக்குமே! 102 கட்டைகளைக் கொண்டு 20,000 அளவுகள் அமைக்கலாம் என்று கண்டார். கட்டைகளை இழைக்க மனைவியின் தையல் மிஷினையே மாற்றி அமைத்துக்கொண்டார்! 1923-ல் அவரை அமெரிக்காவின் போர்டு மோட்டார் கம்பெனி அழைத்துக்கொண்டது. இன்றும் மாதிரிப் பாகங்களின் அளவைச் சரிபார்க்க அத்தகைய கட்டைகள் உதவுகின்றன.

வருமுன் காக்கும் எண்

விளக்கு மட்டும் போதாதா? எண் எதற்கு?

25.00... 25.05... 25.09... 25.14... எல்லாமே எல்லைக்குள்தான். பச்சை விளக்குதான் எரிகிறது. ஆனால் எண் ஏறிக்கொண்டே போகிறதே! அழுத்தும் இயந்திரத்தில் ஏதோ தளர்கிறது என்று தொழிலாளி புரிந்துகொள்கிறார். கெட்ட பாகம் ஒன்றுகூட வருவதற்குள் இயந்திரத்தை நிறுத்திச் சரிசெய்கிறார்.

இரும்பு விரலுக்கும் குறை உண்டு. வளையத்தின் மேல் ஓர் இரும்புத்தூள் கிடந்தாலும், அதையும் சேர்த்தே அளந்துவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற நுட்ப அளவுக்கு வேறு கருவிகள் வேண்டும்.

தூளைத் துடைப்பதும், மாதிரியை வைத்துப் பார்ப்பதும், ஏறும் எண்ணின் பொருளை உணர்வதும் மனிதன்தான். விரல் இரும்பாக இருக்கலாம், விழிப்பு தொழிலாளியுடையது!