ஐந்து குழந்தைகளைப் பார்க்க எத்தனை மணி நேரம்?

இன்றைக்கு நாம் பார்க்கப்போவது குழந்தைகள் உளவியலாளரின் வேலை நேரம். காலை பத்து முதல் மாலை ஐந்து என்றுதானே நினைப்போம்? ஆனால் அவரிடம் வரவேண்டியவர் அந்நேரம் நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், கூட்டிவர வேண்டிய அப்பாவும் அம்மாவும் ஆபீஸில் இருப்பார்கள். அதனால் தனியாக கிளினிக் வைத்திருப்பவருக்குக் கூட்டம் சேருவது மாலை நான்கிலிருந்து எட்டு வரை. சனிக்கிழமை நாள் முழுக்க. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமா என்று இவர்கள் வீட்டில் தினமும் சோதனை நடக்கிறது.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். வழியாக வந்தவர். நாம் பேசுகிற குழந்தைகள் உளவியலாளர் மருத்துவ உளவியலாளர், மருந்து எழுதமாட்டார். உளவியலில் முதுகலை முடித்து, பெரும்பாலும் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்.

இப்போது எல்லாருக்கும் இருக்கிற அந்தத் தப்புக் கணக்குக்கு வருவோம். “ஒரு நாளைக்கு ஐந்து குழந்தை பார்க்கிறார், ஆளுக்கு முக்கால் மணி. நாலு மணி நேர வேலை. அதிலும் பாதி விளையாட்டு.” கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த விளையாட்டையே பார்ப்போம். செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. பலகையில் பத்து வடிவப் பள்ளங்கள், அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகள். குழந்தை எடுத்து எடுத்துப் பொருத்தும். எதிரில் இருப்பவர் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடும். மூன்று முறை செய்யச் சொல்லி, குறைந்த நேரத்தைக் கணக்கில் கொள்வார். குழந்தைக்கு அது விளையாட்டு, அவருக்கு அளவெடுப்பு.

எட்டு வயதுப் பையன் ஒருவன், ‘படிப்பு ஏறவில்லை’ என்று வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிறந்ததிலிருந்து நடந்ததைப் பெற்றோரிடம் கேட்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். பிறகு நுண்ணறிவுச் சோதனை. இந்தியக் குழந்தைகளுக்கென்று மாலின் என்பவர் அமைத்த சோதனையை முழுதாகச் செய்ய இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும். பையன் சோர்ந்துவிட்டால் மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தனிச் சோதனை உண்டு.

அப்புறம் பையன் வீட்டுக்குப் போய்விடுவான். தையற்கடையில் நாம் பார்ப்பது டேப் பிடிக்கிற ஐந்து நிமிஷம்தான், வெட்டுவதும் தைப்பதும் நாம் போனபிறகு. இங்கேயும் அதே கதை. ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போட்டு, வயதுக்கேற்ற அட்டவணையில் மாற்றி, நோட்டுப்புத்தகங்களைப் புரட்டி, வகுப்பாசிரியரை போனில் பிடித்து (இது ஒரு தனிப் போராட்டம்), கடைசியில் அறிக்கை எழுதவேண்டும். அவசரத்தில் எழுதிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொள்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைக்கான சான்றிதழுக்கு இந்த மதிப்பீடுதான் அடிப்படை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பையனுக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை.

சம்பளக் கணக்கு இடிப்பதும் இங்கேதான். தனியார் மருத்துவமனையில் ஆலோசனைக் கட்டணத்தில் பங்கு என்று பேசிச் சேர்ந்தவருக்கு, அறிக்கை எழுதும் இரவுக்குக் கூலி இல்லை. சொல்லாமல் வராமல்போன குழந்தையின் நேரமும் போனதுதான். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் பகல் நேர வேலை, ஆனால் ஒப்பந்தமும் தொகுப்பூதியமும். பள்ளி ஆலோசகருக்கு நேரம் ஒழுங்கு. ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாத நிர்வாகமாக அமையவேண்டும், அவ்வளவே.

கடிகாரத்தில் அடங்காத பொறுப்பும் ஒன்று உண்டு. பேச்சுவாக்கில் ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று அந்தக் குழந்தைக்கு அவரால் வாக்குக் கொடுக்க முடியாது. அன்று மாலை காத்திருக்கும் மற்ற நான்கு குடும்பங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஏன் இவ்வளவு தாமதம் என்று வரவேற்பில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டுப் பெண் இந்த வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறாள் என்றால், சம்பளத்தோடு இன்னும் இரண்டைக் கேட்டுவரச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்? அறிக்கை எழுதத் தனி நேரம் உண்டா? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் முழித்தால், அது வீட்டுக்கு வந்து செய்யவேண்டிய வேலை.