பம்பு ஓடுகிறது, நீர் வரவில்லை: குறை எங்கே?

நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் குழாய்நீர் நாள் முழுதும் வருவதில்லை. வரும் நேரத்தில் அதனைத் தொட்டிகளில் சேமித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டியின் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் மட்டுமே கீழுள்ள மேல்தளக் குழாய்க்கோ அதில் ஐந்தில் ஒரு பங்கே கிடைக்கிறது. இக்குறையை நீக்கவே அழுத்தப் பம்பு பொருத்தப்படுகிறது.

பம்பு ஓடியும் நீர் வாராதபோது, உடனே பம்பைக் கழற்றுதல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியிலிருந்து பம்பு வரையுள்ள வழியை முதலில் ஆராய வேண்டும். பம்புக்குள் இருக்கும் நீரே அதன் அடைப்பு வளையத்தைக் குளிர்விக்கிறது. நீரின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலும் அவ்வளையம் கெட்டுவிடக்கூடும்.

தொட்டியில் நீர் உள்ளதா, வால்வு முழுதும் திறந்துள்ளதா, வடிகட்டியில் அடைப்பு உள்ளதா என்று முறையே காண்க. தொட்டி பம்புக்கு மேலே இருப்பின், தளர்ந்த இணைப்பில் நீர் பொதுவாக வெளியே சொட்டும். தரையடித் தொட்டியாயின், அதே இணைப்பின் வழியே காற்று உள்ளே புகும். இது கண்ணுக்குப் புலப்படாது. காற்று புகுந்த பம்பில் மீண்டும் நீர் நிரப்பிய பின்னரே அதனை இயக்க வேண்டும்.

இரண்டு தொட்டிகள் ஒரே குழாயில் இணைந்திருக்கும் வீடுகளில் வேறொரு சிக்கல் நேர்வதுண்டு. பம்புக்கு அருகிலுள்ள தொட்டியின் மட்டம் விரைந்து தாழும். மற்றொன்றில் நீர் இருக்கும்போதே, தாழ்ந்த தொட்டியின் வழியே காற்று குழாயில் ஏறிவிடும். இரு தொட்டிகளின் அடிப்பகுதியையும் அகன்ற குழாயால் இணைப்பதே இதற்குப் பரிகாரம்.

பம்பு அடிக்கடி ஓடி ஓடி நின்றால், அழுத்தக் கலத்தைச் சோதிக்க வேண்டும். அதனுள் அடைபட்ட காற்று, 1662-இல் பாயில் வெளியிட்ட விதிப்படி சுருங்கியும் விரிந்தும் வில்லைப்போல் இயங்குகிறது. காற்று வால்வை அழுத்தும்போது நீர் வெளிவந்தால், உள்ளிருக்கும் ரப்பர்ப் பை கிழிந்துள்ளது எனக் கொள்ளலாம். குழாய்களை எல்லாம் மூடியும் பம்பு தானே இயங்கினால், பம்பையும் கலத்தையும் அடுத்து, வீட்டுக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வை மூடிப் பார்க்கவும். அழுத்தம் குறையாது நின்றால் கசிவு வீட்டுக் குழாய்களில் உள்ளது. குறைந்தால் பம்பின் பக்கத்திலுள்ள பின்னோட்டத் தடை வால்வே பெரும்பாலும் காரணம்.

மோட்டார் சுழலாமல் முனகினால் உடனே நிறுத்திவிட்டு, மின்பணியாளரை அழைக்க வேண்டும். மின்தேக்கி நிறுத்திய பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கக்கூடும். அதைத் தொடுதல் ஆபத்து.

தொட்டியை விடுத்துப் பொதுக் குழாயிலேயே பம்பை இணைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. அக்குழாயில் அழுத்தம் தாழும்போது, விரிசல்களின் வழியே சுற்றிலுமுள்ள கழிவுநீர் உட்புகும். ஒரு வீட்டின் வசதி தெருவுக்கே நோயாக முடியும்.

பானம் பருகும் உறிஞ்சு குழலில், நீர்மட்டத்திற்கு மேலே ஊசியால் சில துளைகள் இட்டு நீரை உறிஞ்சச் செய்தால், நீர் தடைபட்டுக் காற்றே வரும். பம்புக்கு நேர்வதும் இதுவே என்பதை மாணவர்கள் எளிதில் உணர்வார்கள்.