பல்லில் இல்லாத பல்வலி: தாடை மூட்டைப் பரிசோதிப்பதும் பழக்குவதும்

இரண்டு எக்ஸ்ரே படங்களும் ஒரு கட்டு மருந்துச் சீட்டுகளுமாக எங்கள் பிரிவுக்கு வந்தார் தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர். வயது 41. இடப்பக்கக் கன்னத்தில் ஓராண்டாக வலி. பல்வலி என்றெண்ணி வேறோரிடத்தில் மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துக்கொண்டிருந்தார். பற்கள் போயின, வலி போகவில்லை. பின்னர் காதுவலி என்று கருதிச் சொட்டு மருந்து இட்டுப் பார்த்தார். இட்லியைக்கூடச் சிறு துண்டுகளாகப் பிட்டு வாய்க்குள் தள்ள வேண்டிய நிலை வந்தபோது, இது புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம் குடும்பத்தாரைப் பற்றிக்கொண்டது. அவரது ஒப்புதலுடன், அடையாளம் புலப்படாதவாறு, அவருடைய அனுபவத்தை ஒட்டியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காதுத் துளைக்குச் சற்று முன்பாக விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒன்று உருள்வது தெரியும். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனை, மண்டையோட்டின் ஒரு குழிவில் பொருந்தியிருக்கிறது. இரண்டிற்கும் நடுவே மெத்தை போன்ற சிறு வட்டு ஒன்று உண்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது இம்மூட்டு கதவின் கீலைப் போலச் சுழல்கிறது; மேலும் திறக்கும்போது முன்னோக்கி வழுக்குகிறது. வலம், இடம் ஆகிய இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால், ஒன்று தடுமாறினால் மற்றொன்றும் தன் போக்கில் இருக்க இயலாது. காதுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இவ்வளவு அண்மையில் இருப்பதால்தான் மூட்டிலும் தசையிலும் எழும் வலி, காதுவலியாகவும் பல்வலியாகவும் வேடமிட்டு வருகிறது.

எங்கள் பரிசோதனை வாய்க்குள் நோக்குவதில் தொடங்குவதில்லை, பேச்சில் தொடங்குகிறது. வலி காலையில் மிகுதியா, மாலையில் மிகுதியா? காலையில் எனில் இரவில் பற்களை நறநறவெனக் கடிக்கிறாரா என்று உடன் உறங்குபவரிடம் கேட்போம். நோயாளிக்குத் தெரியாத செய்தி அவருக்குத்தான் தெரியும். பகல் முழுதும் என்ன வேலை, கழுத்து எந்நிலையில் இருக்கிறது, மனத்தை அழுத்தும் கவலை உண்டா என்றும் கேட்போம். இக்கேள்விகளை வீண்பேச்சு என்று எண்ண வேண்டா. நம் தையல்கார அம்மையார் நூலைப் பல்லாலேயே அறுப்பவர். குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி குனிந்து தைப்பவர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நள்ளிரவு வரை பற்களை இறுகக் கடித்துக்கொண்டே வேலை செய்வதாக அவர் மகள் கூறினார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்தது அளவு. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிந்தால், வாய் ஏறக்குறைய இயல்பாகத் திறக்கிறது எனலாம். அவரவர் வாய்க்கு அவரவர் விரல்தான் அளவுகோல். மருத்துவமனையில் மில்லிமீட்டர் கோலால் மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்கிறோம். பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இயல்பு. அம்மையார் தாமாகத் திறந்தது 28. பிறகு எங்கள் விரல்களால் மென்மையாக உதவித் திறந்தபோது 39 வரை வந்தது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. உதவினால் நெகிழ்ந்து கொடுக்கிறது எனில் தடை பெரும்பாலும் தசையில் இருக்கிறது. எவ்வளவு உதவினாலும் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டால், வட்டு இடம்பெயர்ந்து வழியடைத்திருக்கலாம்.

வாய் திறக்கும் பாதையையும் கவனிக்கிறோம். தாடை ஒரு பக்கம் சாய்ந்து மீண்டும் நடுவுக்கு வருகிறதா, சாய்ந்தபடியே நிற்கிறதா, சொடக்கு ஒலி எழுகிறதா, மணல் உரசுவதுபோல் கரகரக்கிறதா என்று பார்த்த பின்னர், கன்னத்துத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் மூட்டையும் விரலால் அளவாக அழுத்துகிறோம். அழுத்தினால் வலிப்பது மட்டும் போதாது. “அம்மா, நீங்கள் சொல்லும் வலி இதுதானா?” என்று கேட்போம். 2014-இல் வெளியிடப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படும் நோயறியும் நெறிகளும், நோயாளி தாம் அறிந்த அதே வலியென அடையாளம் காண்பதையே வலியுறுத்துகின்றன. கன்னத் தசையின் ஓரிடத்தில் விரல் பட்டதும் அம்மையார், “இதுதான், பல் பிடுங்கும் முன்னும் இதுதான்” என்றார். அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. படம் தேவையில்லை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். வட்டைக் காண எம்.ஆர்.ஐ. வேண்டும். சிகிச்சையின் வழி அதனால் மாறும் என்றால் மட்டுமே எழுதித் தருகிறோம்.

வாய் திறவாமைக்கெல்லாம் மூட்டு காரணமன்று. நம் பகுதியில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கு, பான் மசாலா, குட்கா மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நாளடைவில் நார்போல் இறுகி, வெளிறி, வாய் சிறுகச் சிறுகச் சுருங்கும். காரம் பட்டால் எரியும். இதற்குத் தாடைப் பயிற்சி மட்டும் தீர்வாகாது. பாக்கை அடியோடு விட வேண்டும், தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும், ஏனெனில் இது புற்றுநோயாக மாறக்கூடும். பழக்கத்தை வீட்டாருக்கு மறைத்து வைத்திருப்போர் பலர். மனைவியோ மகனோ அருகில் இருக்கையில் அவர்கள் உண்மை சொல்லத் தயங்குவதைக் காண்கிறோம். அத்தகையவரைச் சில நிமிடம் எங்களிடம் தனியே விட்டுச் செல்லுங்கள். பிறகு கடிந்துகொள்ளவும் வேண்டா.

இன்னும் சில நிலைகளில் எங்கள் பிரிவின் முறைக்காகக் காத்திருத்தல் ஆகாது. நடக்கும்போது தாடையில் வலி எழுந்து, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்தலும், பார்வை மங்கலும் தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தாமதித்தால் பார்வை பறிபோகலாம். கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் வீட்டில் தட்டியும் தள்ளியும் பார்க்காமல் அழைத்து வாருங்கள்.

அம்மையாருக்குத் தொடங்கிய சிகிச்சை எளிமையானது. எளிமையாக இருந்ததாலேயே முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு வலிக்கு இவ்வளவுதானா என்றார். முதல் பாடம், தாடைக்கு ஓய்வு தருவது. உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரக்கூடாது. நாவின் நுனி, மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். உண்ணும் நேரத்தையும் விழுங்கும் நொடியையும் தவிர மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. இதை மறவாதிருக்க, தையல் இயந்திரத்திலும் கண்ணாடியிலும் கைபேசியிலும் ஒட்டுப்பொட்டுகளை ஒட்டினார் மகள். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பற்களைப் பிரிக்க வேண்டும். சிறு கத்தரி ஒன்றும் இயந்திரத்திலேயே கட்டித் தொங்கவிடப்பட்டது.

உணவில் சில வாரங்களுக்கு முறுக்கு, கரும்பு, கடலை, பரோட்டா விலக்கு. குழைந்த சோறும் இட்லியும் வெந்த காயும் போதும். காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம். அதன் பின் கன்னத் தசையை வட்டமாக நீவிவிடுதல். தொடர்ந்து, நாவை அண்ணத்திலிருந்து எடுக்காமல் இயன்ற அளவு வாயைத் திறந்து மூடும் பயிற்சி: ஒருமுறைக்கு ஆறு தடவை, நாளொன்றுக்கு ஆறு வேளை. இந்த ஆறுக்கு ஆறு கணக்கு, சிலி நாட்டு இயன்முறை வல்லுநர் மரியானோ ரொக்கபாதோ வகுத்த முறையிலிருந்து வந்தது. மூன்றாம் வாரத்தில் விரல்களின் துணையால் வாயைச் சற்றே கூடுதலாகத் திறந்து, பத்து எண்ணும் வரை நிறுத்தும் நீட்சிப் பயிற்சி சேர்ந்தது. இலேசான இழுவை இருக்கலாம். பயிற்சி முடிந்த பின்னும் வலி நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். எங்கள் இயன்முறை மருத்துவர் வாரம் இருமுறை கையுறை அணிந்து மூட்டை மெல்லத் தளர்த்தியும், குனிந்தே இருந்த கழுத்துக்குத் தனிப் பயிற்சி அளித்தும் வந்தார். இரவில் பல் கடிப்பதால், பற்கள் தேயாமலிருக்கக் கழற்றி மாட்டும் காப்புத் தகடு ஒன்றும் செய்து கொடுத்தோம்.

2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்குக் கண்காணிப்புடன் கூடிய பயிற்சிகள், கைமுறைச் சிகிச்சை, மனப்பழக்கச் சிகிச்சை ஆகியவற்றையே உறுதியாகப் பரிந்துரைக்கிறது. 1934-இல் அமெரிக்கக் காது மருத்துவர் காஸ்டன், கடைவாய்ப் பல் இழப்பே இக்கோளாறின் வேர் என்று எழுதினார். அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. ஆகவே மூட்டு வலிக்கென்று பற்களை இராவவோ பிடுங்கவோ யாரேனும் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்ட பின்பே இசையுங்கள். இழந்ததைத் திரும்பப் பெற இயலாது.

ஆறாம் வாரம் அம்மையாரின் வாய் 37 மில்லிமீட்டர் திறந்தது. பத்தாம் வாரம் 41. அப்போது புதிதாக ஓர் அச்சத்துடன் வந்தார்: வாய் நன்றாகத் திறக்கத் தொடங்கியதும் மூட்டில் சொடக்கு ஒலி கேட்கிறது, அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா? வலியும் இல்லை, தடையும் இல்லை. வலியற்ற சொடக்கு பலருக்கும் இருப்பதே. அதற்குச் சிகிச்சை தேவையில்லை என்று விளக்கினோம். ஒலி இன்னும் இருக்கிறது. தீபாவளித் தையலுக்கு இம்முறை இரவு ஒன்பது மணியோடு இயந்திரத்தை மூடிவிடுவதாகச் சொல்லிச் சென்றார்.