மூளைக் கட்டமைப்பு எம்ஆர்ஐ படங்களின் தரத்தை அளவிடல்: ஊரக முதியோர் ஆய்வுகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: எம்ஆர்ஐ, மூளைக் கட்டமைப்பு, படத்தரம், தலை அசைவு, ஊரக முதியோர்

மூளையின் சாம்பல் பொருள் எவ்வளவு தடிப்பாக உள்ளது, முதுமையில் எவ்வளவு சுருங்குகிறது என்பவற்றை எம்ஆர்ஐ படங்களிலிருந்து கணிக்கும் ஆய்வுகள் இந்தியாவிலும் பெருகி வருகின்றன. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில் வாழும் 45 வயதுக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. எம்ஆர்ஐ அதன் ஒரு பகுதி. இத்தகைய ஆய்வு அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம் போன்ற முந்திரி விளையும் ஊர்களுக்கு விரியுமானால், நோயை அளப்பதற்கு முன் படத்தை அளக்க வேண்டியிருக்கும்.

கட்டமைப்புப் படம் ஒன்றை எடுக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். எம்ஆர்ஐ கருவி ஒளிப்படக் கருவியைப் போல ஒரே கணத்தில் படம் பிடிப்பதில்லை. அதிர்வெண் தரவுகளை வரிவரியாகத் திரட்டி, ஃபூரியே உருமாற்றத்தின் வழியே படமாக்குகிறது. ஆகவே இடையில் தலை அசைந்தால் அதன் விளைவு ஓரிடத்தில் நில்லாமல் படம் முழுவதும் பரவும். விளிம்புகள் மங்கும், அலை போன்ற கோடுகள் தோன்றும், தலைக்கு வெளியே வெறுங்காற்று இருக்க வேண்டிய இடத்தில் நிழலுரு படியும்.

தர அளவைகள் பலவும் இத்தடயங்களையே எண்ணாக மாற்றுகின்றன. சாம்பல் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை இரைச்சலோடு ஒப்பிடுவது ஒரு வகை. படத்தின் ஒளிர்வு எவ்வளவு சிதறியுள்ளது என்பதை என்ட்ரோப்பி வழியே காண்பது மற்றொன்று. காற்றுப் பகுதியிலுள்ள நிழலுருவை எண்ணுவது இன்னொன்று. (அடையாளம் மறைக்க முகப்பகுதி நீக்கப்பட்ட படங்களில் இவ்வளவை பிழைபடலாம் என்பது பலரும் கவனிக்கத் தவறுவது.)

அசைவின் விளைவு சிறிதன்று. 2015இல் ராய்ட்டரும் பிறரும் நலமான 12 பேரை வேண்டுமென்றே தலையை அசைக்கச் செய்து படமெடுத்தனர். நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டர் அசைவுக்குச் சாம்பல் பொருளின் கன அளவு ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறைந்ததாகக் கணிப்பு காட்டியது. கடுமையான தரச்சோதனையில் தேறாத படங்களை நீக்கிய பின்னும் விளைவு மறையவில்லை. நலமான முதியவரின் மூளை ஓராண்டில் சுருங்குவதே ஏறத்தாழ அரை விழுக்காடுதான். எனவே கை நடுக்கமோ முதுகுவலியோ உள்ளவர் அசைந்தது மூளைத் தேய்வாகப் பதிவாகக்கூடும்.

வேறிடத்தில் வகுத்த வெட்டெல்லையை அப்படியே பெற்றுக்கொள்வதும் தீர்வாகாது. எம்ஆர்ஐகியூசி என்னும் திறந்த மென்பொருளை எஸ்தெபானும் பிறரும் 2017இல் வெளியிட்டனர். 17 மையங்களின் 1,102 படங்களில் பயிற்றிய அதன் வகைப்படுத்தி, முன்பு காணாத மையங்களின் 265 படங்களில் ஏறத்தாழ 76 விழுக்காடே சரியாகத் தீர்ப்பளித்தது. கருவி, காந்தப்புல வலிமை, படமெடுக்கும் முறை ஆகியவை மாறினால் அளவைகளும் மாறுகின்றன. மேலும் அப்பயிற்சிப் படங்கள் ஆட்டிச ஆய்வுக்காகத் திரட்டப்பட்டவை. பெரும்பாலும் சிறுவர், இளைஞருடையவை.

ஐயத்திற்குரிய படங்களையெல்லாம் நீக்குவது எளிது. ஆனால் மிகுதியாக அசைபவர் பெரும்பாலும் மூத்தோரும் நோயுற்றோருமே. அவர்களை நீக்கினால் எஞ்சுவது நலமுள்ளோரின் ஊர். பேருந்தில் நெடுந்தொலைவு வந்து களைத்துப் படுத்தவரை மற்றொரு நாள் அழைப்பதும் கடினம். தர அளவைகளை அவர் கருவியை விட்டு இறங்குமுன் கணித்து, தேவையெனில் அப்போதே மீண்டும் படமெடுப்பதே பொருத்தமானது. உள்ளூர்ப் படங்களில் ஒரு பகுதியை இரு வல்லுநர் தனித்தனியே மதிப்பிட்டு எல்லையை வகுக்கலாம். நீக்கப்பட்டோரின் வயதையும் நோய்நிலையையும் முடிவுகளோடு வெளியிடலாம்.