பால் பிரண்டனும் ரமணாசிரமச் சான்றுகளும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தை மேலைநாட்டார்க்குப் பரவலாக அறிமுகஞ் செய்தவர் ஓர் இதழாளர். 1898-இல் இலண்டனில் பிறந்து, ராஃபேல் ஹர்ஸ்ட் என்னும் பெயருடன் புத்தக வணிகத்திலும் இதழ்த்துறையிலும் பழகிய அவர், பால் பிரண்டன் என்னும் புனைபெயரால் புகழுற்றார். அவரைக் காஞ்சிச் சங்கராசாரியரிடம் அழைத்துச் சென்றவர் எழுத்தாளர் கா. சீ. வேங்கடரமணி, ஆசாரியரோ ரமணரிடம் ஆற்றுப்படுத்தினார். 1931-இல் அவர் ஆசிரமம் வந்தார்.

1934-இல் வெளியான 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' யோகியர், பக்கிரிகள் எனப் பலரைக் கடந்து, இறுதியில் ரமணரிடம் வந்து முடிகின்றது. செய்தி எழுதிப் பழகிய கையின் கட்டமைப்பு அது. விளம்பரமாக எழுதப்பட்டதன்று, எனினும் விளம்பரத்தின் பயனை விளைத்தது. அதனைப் படித்த மேஜர் சாட்விக் 1935-இல் இவண் வந்து தங்கினார்.

பின்னர் ஆசிரம நிர்வாகத்தோடு பிரண்டனுக்குப் பிணக்கு நேர்ந்தது. 1941-இல் வெளியிட்ட 'தி ஹிட்டன் டீச்சிங் பியாண்ட் யோகா'வில், தியானம் பற்றிய தம் கருத்துகளை மாட்டிவைக்கும் முளையாகவே மகரிஷியின் பெயரைப் பயன்படுத்தியதாக அவரே உரைக்கின்றார். மனக்கசப்பில் எழுந்த கூற்று எனச் சிலர் இதனைத் தள்ளுவர். அது பொருந்தாது. 'ஓவர்செல்ஃப்' என்னும் அவர்தம் ஆக்கச்சொல்லே சான்று. அதற்கு நேரான தமிழ்ச்சொல் ரமணர் வாக்கில் இல்லை. அவர் ஆள்வன தான், உள்ளது, உள்ளம் என்பன. இவற்றுள் உள்ளம் என்பது நெஞ்சினைக் குறிப்பதோடு, அம் ஈற்றுத் தன்மைப் பன்மை வினைமுற்றாகி 'உள்ளோம்' எனவும் பொருள்படும். இந்நயம் ஆங்கிலத்தில் எங்ஙனம் ஏறும்?

இக்குறை பிரண்டனோடு நிற்பதன்று. முனகால வேங்கடராமையா 1935 முதல் 1939 வரை எழுதிய உரையாடற் குறிப்புகளும் ஆங்கிலத்தில் அமைந்தனவே. ரமணர் விடையிறுத்ததோ பெரும்பாலும் தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலுமாம். அக்குறிப்புகளின் தமிழ்ப் பதிப்பு, போன சொல்லின் நிழலுக்கு நிழல். அதனை மூலமெனக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்வது வழுவாகும்.

ரமணர் தம் கையால் எழுதியன நம்மிடம் உள. சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு 1901, 1902-ஆம் ஆண்டுகளில் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து எழுந்தது 'நான் யார்?'; அதன் கட்டுரை வடிவம் ரமணரே அமைத்தது. 'உள்ளது நாற்பது' முருகனார் வேண்ட 1928-இல் யாக்கப்பெற்றது. ரமணர் கலைச்சொற்களுக்கு அகராதி தொகுக்கப் புகும் மாணாக்கர் இவ்விரண்டிலும் தொடங்குக. பிரண்டன் நூலை, 1930-களில் ஆசிரமம் ஓர் அயலார் கண்ணிற்பட்ட வகையினை அறிதற்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு அதனினும் சுவையான சான்று அரிது.