சம்பந்திகள் இருவர்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவதே தொன்றுதொட்ட வழக்கம். நாவற்குடாவிலும் அவ்வாறே. வீடும் வளவும் சீதனமாக மகள் பெயரில் எழுதப்படும். மருமகனோ தன் பெட்டியோடு தன் ஊர் அரசியலையும் சுமந்து வருவான். மாமனார் பரம்பரைத் தமிழரசுக் கட்சியினர். மருமகன் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களிப்பவன். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இம்மாவட்டத்தின் ஐந்து இடங்களுள் மூன்றைத் தமிழரசுக் கட்சி பெற்றது; ஒன்று தேசிய மக்கள் சக்திக்கும் மற்றொன்று முஸ்லிம் காங்கிரசுக்கும் சென்றன. வாக்கெண்ணிக்கை ஒரே இரவில் முடிந்தது. வீட்டுத் திண்ணைகளில் அது முடிந்தபாடில்லை.

'அரசியலைப் பேசாதிருப்பதே குடும்பத்திற்கு நலம்' என்பர் பெரியோர் பலர். அவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2004இல் இயக்கம் பிளவுற்றபோது ஒரே ஊர்ப் பிள்ளைகள் எதிரெதிர் நின்ற மண் இஃது. எனினும் வாய் மூடியிருத்தல் அமைதியாகாது; உள்ளே புகைவது ஒருநாட் சோற்றுக் கலத்தின் முன்னே வெடிக்கும்.

எதிரணியை ஊருக்குள்ளேயே வைத்து வாழ நம் முன்னோர் அறியாதவரல்லர். கண்ணகை அம்மன் பெயரால் நிகழும் கொம்புமுறி விளையாட்டில் கோவலன் பக்கம் வடசேரியும் கண்ணகி பக்கம் தென்சேரியுமாக ஊர் இரண்டாகும். ஆயின் அங்கே முறிவது மரக்கொம்பு. அரசியலில் முறிவன வேறு. ஆதலால் அரசியலிலிருந்தே ஒரு சான்று தேடுதல் தகும்.

காந்தியடிகளின் மகன் தேவதாசும் இராசாசியின் மகள் இலக்குமியும் ஒருவரையொருவர் விரும்பினர். தந்தையர் இருவரும் அவர்களை ஐந்தாண்டு பிரிந்து காத்திருக்கச் செய்து, 1933இற் பூனாவில் மணமுடித்து வைத்தனர். ஒன்பதாம் ஆண்டில் சம்பந்திகள் எதிரெதிராயினர். முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று அதனோடு உடன்பாடு காணவேண்டுமென 1942 ஏப்ரலில் இராசாசி சென்னைச் சட்டமன்றக் காங்கிரசாரைக் கொண்டு தீர்மானம் செய்வித்தார். அலகாபாத்திற் கூடிய அகில இந்தியக் காங்கிரசுக் குழு அக்கருத்தைத் தள்ளியது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தையும் அவர் எதிர்த்தார். பம்பாய்க் கூட்டமொன்றில் அவர்மீது தார் வீசினர். வீசியவரைக் கண்டித்தவர் காந்தியடிகளே.

அடிகள் தம் சம்பந்திக்குக் கூறிய அறிவுரை எண்ணத்தக்கது. 'வாயை அடக்குக' என்றாரில்லை. காங்கிரசைவிட்டு விலகி, தம் கொள்கையை முழு ஆற்றலோடு பரப்புமாறு கூறினார். இராசாசியும் அவ்வாண்டு யூலையில் விலகினார். நம் மாமனாரோ, 'மருமகன், என்ர வளவில் நின்று இந்தக் கதை கதைக்க வேண்டாம்' என்பார். (சீதன உறுதியை எடுத்து நோக்கின் அவ்வளவு அவருடையதன்று என்பது வேறு கதை.) எதிர்க்கருத்தை அடக்குவதும் எதிர்க்கருத்தினனைக் காப்பதும் ஒன்றல்ல. கட்சித் தோழர் முற்றத்தில் நின்று மருமகனை இழித்துரைக்கும்போது மாமனார் தடுத்துரைப்பாராயின், அன்றிரவு இருவரும் எவ்வளவு உரக்க வாதிட்டாலும் கேடில்லை. இளையோர்க்கும் இதே கடன் உண்டு. மாமனாரின் ஐம்பதாண்டுப் பற்றினைக் கிழட்டுப் பிடிவாதமென்று நண்பர் நகைக்குமிடத்து உடன் நகைத்தல் ஆகாது.

அடிகள் பூனாவில் ஆகாகான் மாளிகையிற் காவலில் இருந்து, 1943 பெப்ரவரியில் 21 நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். சிறை செல்லாத இராசாசி அவரைக் காணச் சென்றார். பிரிவினை பற்றித் தாம் வகுத்த திட்டத்தை அவரிடம் காட்டினார்; அடிகள் இசைந்தார். 1944 செப்டம்பரில் அத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு காந்தியடிகள் பம்பாயில் சின்னாவின் இல்லத்திற்கே சென்று பேசினார். பேச்சு 9ஆம் நாள் தொடங்கி 27ஆம் நாள் முறிந்தது. சம்பந்திகளின் உறவு முறியவில்லை.