ரதியோடு சேர்ந்து அழும் தோட்டம்

மாசி மாதம் வந்தால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கும். அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி நிறைவுபெறும் காமன் கூத்து மலையக மக்களின் பெரும் விழாக்களில் ஒன்றாகும். பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்த பெண்களும் இரவில் பிள்ளைகளோடு வந்து கூடிவிடுவர்.

இக்கூத்தை நன்கறிந்தவர் தோட்டத்து லயத்திலேயே வாழும் கூத்து மாஸ்டர்தான். எந்தச் சடங்கு எப்போது, எந்தப் பாட்டு எவ்விடத்தில் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இத்தகைய வாய்மொழிச் செல்வத்தின் அருமையை உணர்ந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே சட்டம் ஒன்று மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக்கினார் சி. வி.

கூத்தின் கதை நாம் அறிந்ததே. சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் அனுப்பப்படுகிறான். போகவேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். ஏவியவர்களின் சொல்லை மீறமுடியாமல் அவன் போகிறான். நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலாகிறான்.

ரதி வேடம் கட்டுபவர் ஓர் ஆண். ஆயினும் அவர் புலம்பத் தொடங்கியதும் கூடியிருக்கும் பெண்கள் கண்கலங்குவர். ரதியின் துயரில் தத்தம் இழப்பையும் சேர்த்து அழுவர். ரதி மன்றாடியபின் மன்மதன் உயிர் பெறுகிறான். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். காணாமற்போன கணவருக்காகக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்ற குடும்பங்கள் பல, 2009இல் முடிந்த யுத்தத்திலும் உறவுகளை இழந்தன. ரதிக்காக அழும் நாம், கணவனை இழந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை மங்கல காரியங்களில் ஒதுக்கிவைக்கலாமா? மேடையில் ரதி ஊரின் நடுவே நின்று அழுகிறாள். ஒருவரும் அவளை விலகிப்போகச் சொல்வதில்லை. அந்த இடத்தை நமது வீடுகளிலும் கோயில்களிலும் கலியாணப் பந்தலிலும் அவளுக்குக் கொடுப்போம்.